எதிர்த்தாப்புல நின்ன பிள்ளை

வாசிச்சா. முப்பிடாதி வாசிச்சா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன், இன்னும் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. பெல் அடிச்சாச்சு, மூணாங்கிளாஸ் பூராவும் தட்டைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்கு ஓடியாச்சு, சாம்பார் வாசம் வருது, சத்துணவு ஆயா எவனையோ வரிசையில நில்லுல மூதின்னு வையுதா, நான் மட்டும் மேசையில விரிச்சு வச்ச புத்தகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். கரடிக்கு ஏணி வேண்டும். ஏணி யாரிடம் இருக்கிறது? கொக்கிடம் இருக்கிறது. இதைத்தான் வாசிச்சா. எந்தப் பிள்ளை? அ எதுட்டி, ஆ எதுட்டின்னு கேட்டா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்குமே, அந்தப் பிள்ளை. ஜூன் மாசம் இங்க வந்து சேந்ததுல இருந்து பாடப்புத்தகத்துல ஒத்தை எழுத்து வாயைத் தொறந்து சொல்லாத பிள்ளை. "சீலி டீச்சர், அதுக்கு ஏறாது, விட்டுருங்க"ன்னு ஹெச்.எம். தலையில அடிச்சுக்கிட்ட பிள்ளை. ஸ்லேட்டைக் காட்டணும்னு வந்தா, மேசைக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிர்த்தாப்புல நின்னா, நான் என் பக்கமா புத்தகத்தை விரிச்சு வச்சு என் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன், அப்பம் மண்டைக்கு மேல ஒரு குரல். பிள்ளைக் குரல் மாதிரியே இல்ல. ராகம் போட்டு, இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தி, கொக்கிடம் இருக்கிறதுங்கும்போது குரலைத் தாழ்த்தி, என்னமோ கொக்கு எங்கயோ ஆளைக் கொன்னுட்டு ஒளிஞ்சிருக்க மாதிரி. பக்கம் முடிஞ்சதும் 'தொடரும்'னு சொல்லிட்டு வாயை மூடிட்டா. தொடரும்னு அதுல எங்கயும் போடல, நான் தேடிப் பாத்துட்டேன். "ஏட்டி, என்னட்டி இது, இங்கன வா, என் பக்கத்துல வந்து வாசி"ன்னு கையைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்தேன். வந்தா. நின்னா. புத்தகத்தைப் பாத்தா. பழையபடி ஊமை. "இப்பத்தானட்டி வாசிச்ச!" கண்ணு கலங்கிருச்சு அதுக்கு. பெல் அடிச்சுது, விட்டாப் போதும்னு ஓடிட்டா. ஓடின பெறகுதான் எனக்கு உறைச்சுது. அவ அந்தப் பக்கம்லா நின்னா. அவளுக்கு இந்தப் புத்தகம் தலைகீழால்லா தெரிஞ்சிருக்கும்.

ஆண்டவரே, எனக்குக் கிறுக்குப் பிடிக்கலயே. மனப்பாடமா இருக்குமோ? இருக்கும், இந்தப் பிள்ளைகள் எதையும் கேட்டுக் கேட்டு ஒப்பிச்சிரும், போன வருசம் ஒருத்தன் பாடப்புத்தகத்தையே பாக்காம கடைசிப் பக்கம் வரைக்கும் கடகடன்னு சொல்லுவான், நடுவுல ஒரு சொல்லைக் காட்டி இது என்னலன்னா முழிப்பான். ஆனா இந்தக் கரடியை யாரு இவளுக்குச் சொல்லிக் கொடுத்தா? இது பீரோவுக்குள்ள கிடந்த புத்தகம். பிள்ளைகளுக்குன்னு வந்த கதைப்புத்தகம் பூராவும் பீரோவுக்குள்ளதான் கிடக்கு, கிழிஞ்சா யாரு பதில் சொல்லதுன்னு பூட்டிச் சாவியை ஹெச்.எம். இடுப்புல வச்சிருக்காங்க, பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, இன்னைக்குக் காலையில ரிஜிஸ்டர் எடுக்கத் தொறந்தாங்க, அந்தச் சாக்குல நான் ஒண்ணை உருவி விரிக்கும்போது சடசடன்னு சத்தம் கேட்டுச்சு. ஒருத்தர் கையும் படாத புத்தகம். நான் ஏன் இன்னைக்கு அதை எடுத்தேன்? கோவம். வேற என்ன. அந்தக் கையேடு மேல கோவம். இந்த வேளைக்கு இந்தப் பக்கம், இந்த வரி, டீச்சர் இப்பம் இதைச் சொல்லணும், பிள்ளைகள் இப்பம் இதைச் சொல்லணும், நடுவுல டீச்சர் சிரிக்கலாமா கூடாதான்னு மட்டுந்தான் போடல. மேல இருந்து வந்த திட்டமாம். முன்னால நான் இதே வகுப்புல வடை மடிச்ச தாளு, பஸ் டிக்கெட்டு, சோப்பு உறை, பூப்புனித நன்னீராட்டு நோட்டீஸ், எழுத்து இருக்க எது கிடைச்சாலும் கொண்டாங்கடான்னு சொல்லி, அதைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன், காலையில வந்ததும் வராததுமா பிள்ளைகள் தள்ளுமுள்ளு பண்ணிக்கிட்டு வாசிக்கும். 'ஏ, உன் மாமா பேருக்கு முன்னால உயர்திரு போட்டிருக்குல!' அந்தச் சத்தம் இருக்கே. மேற்பார்வைக்கு வந்த கோமதிநாயகம் சார் பாத்துட்டு, இது எந்தத் திட்டத்துல இருக்கு டீச்சர்னு கேட்டாரு. எல்லாத்தையும் உரிச்சேன். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் சுவத்துல பசைத் தடம் இருக்கு, அங்கன அங்கன மஞ்சளா. இப்பம் இந்தப் புத்தகத்தை எடுத்ததும் திட்டத்துல இல்ல. பிள்ளைகளைப் பக்கத்தைப் பாத்து எழுதுங்கடான்னு சொல்லிட்டு, திருட்டுத்தனமா பெஞ்சுக்கு அடியில வாரப் பத்திரிகை வாசிக்கிற பிள்ளை மாதிரி நான் கரடி படிச்சுக்கிட்டிருந்தேன். இந்த வயசுல.

அவரு இப்பம் ஹெச்.எம். ரூம்லதான் இருக்காரு. வட்டார மேற்பார்வையாளர் கோமதிநாயகம் சார். சர்க்கரை வியாதி, வீட்டுல இருந்து கோதுமைத் தோசை கொண்டுவந்திருப்பாரு, சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டு மிச்சம் இருக்க பிள்ளைகளைக் கூப்பிடுவாரு. மிச்சம் யாரு, இவ ஒருத்திதான். காலையில எல்லாரையும் ஒவ்வொருத்தரா அட்டையை வச்சு வாசிக்கச் சொல்லிப் பாத்தாச்சு, இவளை மட்டும் ஹெச்.எம். தள்ளித் தள்ளி வச்சாங்க, சாப்பாட்டுக்குப் பெறகு பாத்துக்கிடலாம் சார்னு. அட்டையைப் பாத்து வாசிக்கலன்னா பேரு முகாமுக்குப் போயிரும். மூளை வளர்ச்சி சரியா இருக்கான்னு டாக்டர் பாப்பாகளாம். பாத்தா என்ன, பாக்கட்டுமே, நல்லதுதானேன்னு நானும் போன வாரம் வரைக்கும் நினைச்சேன், ஆனா அவ அம்மை சண்முகக்கனி நேத்து சாயங்காலம் கேட்டுல வந்து நின்னா, இடுப்புல கையை வச்சுக்கிட்டு. "டீச்சர், எம் பிள்ளை பேரைக் கிறுக்குப் பிள்ளைக லிஸ்ட்ல எழுதப் போறியளாமே, ஊரே சொல்லுது." "அப்படியில்லம்மா, சும்மா ஒரு பரிசோதனை." "என்ன எழவோ. நாளைக்கு இதைக் கட்டிக்கொடுக்கணுமா வேண்டாமா நான்? பேரு ஏறிச்சுன்னு வைங்க, மறுநாள்ல இருந்து அனுப்ப மாட்டேன். வீட்டுல பீடி இலை வெட்டட்டும். ரெண்டு வருசமா அதானே செஞ்சா, கெட்டா போச்சு?" கத்திட்டு, போகும்போது திரும்பி நின்னு மெதுவா, "அதுக்கு நெசமாவே ஒண்ணும் வரலையா டீச்சர்?"னு கேட்டா. நான் என்ன சொன்னேன்? என்னமோ முனங்குனேன். சண்முகக்கனி சொன்னாச் செய்வா. முந்தி இருந்த ஊர்ல ரெண்டு வருசம் பேருக்குத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருந்தா, பிள்ளை போனது நாலஞ்சு நாள் இருக்கும், மிச்சம் பூராவும் பீடி இலையும் கத்தரியுந்தான். இனி ஒருக்க வீட்டுல உக்கார வச்சான்னா அவ்வளவுதான், அந்தப் பிள்ளையை இந்த வாசல்ல நான் பாக்கவே போறதில்ல.

சன்னல் வழியாப் பாக்கேன். வராண்டாவுல வரிசையா உக்காந்து சாப்பிடுதுங்க. முப்பிடாதி கடைசியில, சுவத்தோட ஒட்டிக்கிட்டு, முட்டையைக் கடைசியில திங்கலாம்னு தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கா. ஒரு கவலையும் இல்லாம உக்காந்திருக்கா பாரு. திரும்பி வந்து புத்தகத்தைத் தலைகீழாத் திருப்பி வச்சேன். வாசிச்சுத்தான் பாப்பமே. க. இல்ல, அது என்ன. ரவா டவா. கொம்பு வலப்பக்கம் போயிருச்சு, புள்ளி கீழ விழுந்து கிடக்கு, வரி எங்க ஆரம்பிக்கின்னு கண்ணு தேடுது, இடமிருந்து வலம் போனா முதல்ல முடிவு வருது. கர... டி. கரடி. ஒரு சொல்லுக்கு எனக்கு வேர்த்துட்டு. எம்.ஏ., பி.எட்., இத்தனை வருச சர்வீஸு, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி விரலை வச்சு எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்கேன், யாராவது பக்கத்துல நின்னு ம், சீக்கிரம் வாசின்னு சொன்னா அழுதுருவேன். அப்பம் இவளுக்கு? இவளுக்கு நேரா வச்ச புத்தகம் இப்படித்தானே இருக்கும். ஒவ்வொரு நாளும். நான் பக்கத்துல நின்னு, ம், சொல்லுட்டி, இது கூடத் தெரியாதா, ம். ஐயோ. தண்ணி குடிக்கணும், பாட்டில் எங்க வச்சேன்.

தொடரும். அதை ஏன் சொன்னா? கரடி ஏணி கேட்டுக் கொக்கு வீட்டுக் கதவைத் தட்டுது, அங்க பக்கம் முடியுது, உடனே தொடரும்னா. யாரு அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தா, பாடப்புத்தகத்துல தொடரும் கிடையாது, பைபிள்ல கிடையாது, டி.வி.யில வரும், டி.வி.யில வந்தாலும் அதை யாரும் வாசிச்சுச் சொல்ல மாட்டாகளே. வாசிச்சு. யம்மா. யம்மா, யம்மா, இரு. அவுக வீடு. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வரலன்னு ஒரு சனிக்கிழமை அவுக வீட்டுக்குப் போனேன்லா. தெருவுக்குள்ள நுழையும்போதே புகையிலைத் தூள் நெடி மூக்குல ஏறி நான் தும்முனேன். வீட்டுக்குள்ள சுத்தி உக்காந்திருந்தாக பொம்பளைக, ஒவ்வொருத்தி மடியிலயும் சுளகு, சுளகுல இலையும் தூளும், விரலு அது பாட்டுக்கு உருட்டுது, மடக்குது, நூலைச் சுத்துது, நடுவுல சண்முகக்கனி கூடவே இருக்க தங்கச்சி சுப்புத்தாய். அவளுக்கு முன்னால தரையில வாரப் பத்திரிகை விரிஞ்சு கிடக்கு, காத்துக்குப் பறக்காம செங்கல்லுத் துண்டை வச்சு. தொடர்கதை. சுப்புத்தாய் வாசிக்கா, மத்தவுக கேக்காக, ஒருத்தி 'அடப் பாவி, அவளை நம்புதானே'ன்னு கதையில வாரவனை வையுதா. சுப்புத்தாய் கண்ணு தாள்ல இருக்கு, கை பீடியில இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கு. ஆனா இலை வெட்டணும்னா கத்தரியைப் பாக்கணுமே, கதை நின்னுருமே. அதனால வாசிக்கிறவளுக்கு இலை வெட்டிக் கொடுக்க ஒரு ஆளு. எதிர்த்தாப்புல. யாரு உக்காந்திருந்தா எதிர்த்தாப்புல? முப்பிடாதி. கத்தரியும் கையுமா. அதோட விட்டுச்சா, சுப்புத்தாய் கையெல்லாம் தூளு, பக்கத்தைத் திருப்புதது யாரு? இவதான். ஒவ்வொரு தடவையும் சுப்புத்தாய் கடைசிச் சொல்லைச் சொல்லி வாயை மூடுததுக்கு முந்தி இவ கை நீண்டு பக்கத்தைத் திருப்பிருச்சு, நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன், பிள்ளை சுறுசுறுப்பா இருக்கேன்னு நினைச்சேன், எங்க திருப்பணும்னு இவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்கல. வரி வரியாப் பின்னாலயே போயிருக்கா. சத்தம் காதுல, எழுத்து கண்ணுல, எதிர்ப்பக்கத்துல இருந்து. முந்தி இருந்த ஊர்ல ரெண்டு வருசம், இங்க வந்து லீவு நாளும் சாயங்காலமும். தொடரும்னு வந்தா பத்திரிகையை மடக்கணும், அதான் இவ வேலை. நான் அன்னைக்கு அந்த வாசல்ல நின்னு என்ன சொன்னேன்? "படிக்கிற பிள்ளையை இப்படி வேலை வாங்குதியளே, உங்களுக்கே நல்லா இருக்கா"ன்னு சொன்னேன். சுப்புத்தாய் பத்திரிகையை மடிச்சு மடிக்கு அடியில வச்சுக்கிட்டா, டீச்சருக்கு முன்னால கதைப் புஸ்தகம் வாசிக்கோமேன்னு வெக்கம். முப்பிடாதி கத்தரியைக் கீழ போட்டுட்டு எழுந்து நின்னா. அந்த வீட்டுல வகுப்பு நடந்துக்கிட்டிருந்திருக்கு, நான் போய்க் கலைச்சுட்டு வந்திருக்கேன்.

நேரா வைட்டி. நேரா வைட்டி. இதைச் சொல்லாத நாள் இருக்கா. ஆரம்பத்துல புத்தகத்தைத் திருப்பித் திருப்பித்தான் வச்சா, மத்ததுக 'ஏ, தலைகீழா வச்சிருக்கா'ன்னு சிரிச்சுதுக, சேட்டைன்னு நினைச்சு நானும் நேரா வச்சேன், கையேட்டுலயே போட்டிருக்கே, புத்தகம் நேராக உள்ளதா என ஆசிரியர் உறுதி செய்யவும். செஞ்சேன். நல்லாச் செஞ்சேன். பெறகு அவ திருப்புததை நிறுத்திட்டா, வாயைத் தொறக்கதையும் நிறுத்திட்டா. மேசையில ஸ்லேட்டு கிடக்கு. அவ வச்சுட்டு ஓடின ஸ்லேட்டு. உங்கள் பெயரை எழுதுக, அதான் இன்னைக்குப் பக்கம். எப்பவும் நான் என்ன செய்வேன், பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்னு வைக்கும், நான் ஸ்லேட்டைப் பிடிச்சு, கயிறு கட்டுன பக்கம் மேல வர மாதிரி, ஒரு சுத்து சுத்தி என் பக்கமாத் திருப்பிப் பாப்பேன், கை தன்னால செய்யும். இவ ஸ்லேட்டைத் திருப்புனா கிறுக்கலா இருக்கும், கோழி கிளறுன மாதிரி, போட்டி, போய் ஒழுங்கா எழுதிட்டு வான்னு அனுப்பிருவேன். இன்னைக்குத் திருப்பல. திருப்ப நேரமில்ல. அவ வச்ச மாதிரியே, கயிறு என் பக்கமா, கிடக்கு. என் நாற்காலியில இருந்து பாக்கேன். முப்பிடாதி. ப்-க்குப் புள்ளி வச்சு, டி-க்குச் சுழி போட்டு, அச்சுல அடிச்ச மாதிரி. முப்பிடாதி. ஐயோ பாவி, ஐயோ பாவின்னு வாய்விட்டே சொல்லிட்டேன் போல, வராண்டாவுல இருந்து ஒரு பய எட்டிப் பாத்தான். "போல, போய் சாப்பிடு." கண்ணைத் துடைச்சேன். எழுதியிருக்கா. தினமும் எழுதியிருக்கா. தினமும் என் கையே அதைத் தலைகீழாக்கியிருக்கு.

இப்பம் நான் போய்ச் சொல்லணும். என்னன்னு சொல்ல? சார், இந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், ஆனா தலைகீழாத்தான் தெரியும். சிரிப்பாரு. உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்னு கேப்பாரு. பீரோவுல இருந்து புத்தகத்தை எடுத்தேன் சார். எந்த வேளையில? பக்கத்தைப் பாத்து எழுதுத வேளையில. அது எந்தத் திட்டத்துல இருக்கு? திரும்பவும் விளக்கம், இந்தத் தடவை விளக்கத்தோட விட மாட்டாக, எங்கயாவது பஸ் போகாத மலையடிவாரத்துல தூக்கிப் போடுவாக, எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் இருக்கு, வாரம் ரெண்டு தடவை யாரு கூட்டிக்கிட்டுப் போவா, சர்ச் பக்கத்துலயே வீடு பாத்து, இப்பத்தான். சரி, புத்தகத்தைச் சொல்லாண்டாம். அட்டையைத் திருப்பி வைங்கன்னு மட்டும் சொல்லலாம். விதியில எழுதியிருக்கு, அட்டை பிள்ளைக்கு முன்னால நேரா இருக்கணும், டீச்சர் தொடக் கூடாது, உதவி செய்யக் கூடாது. நல்ல மனுசன்தான் கோமதிநாயகம் சாரு, கெட்டவரு இல்ல, நான் என்னம்மா செய்ய, மேல இருந்து வருதுன்னு சொல்லிக்கிட்டே செய்வாரு. இந்த நல்ல மனுசங்களைக் கண்டாத்தான் எனக்குப் பயம். ஒருவேளை எனக்குத்தான் பிரமையோ? ஒருவேளை அங்க போய் நின்னதும் எந்தப் பக்கமும் வாசிக்காம முழிச்சா? அட்டையை நான் கையால திருப்பி வச்சு, அப்பவும் அவ வாயைத் தொறக்கலன்னா? முகாமுக்குப் பேரு போகும், சண்முகக்கனி நிறுத்திருவா, நான் மலையடிவாரத்துல இருப்பேன், இந்த ஸ்லேட்டை யாராவது துடைச்சு அடுத்த வருசம் வேற பிள்ளைக்குக் கொடுத்துருவாக. கைகழுவுத சத்தம் கேக்கு. தட்டுச் சத்தம். "சீலி டீச்சர், அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க"ன்னு ஹெச்.எம். குரல். எந்திரிச்சேன்.

முப்பிடாதி கை ஈரமா இருந்துச்சு, முட்டை மணம். நடந்து போகும்போது "பயப்படாதட்டி"ன்னேன். ஹெச்.எம். ரூம்ல மேசைக்கு அந்தப் பக்கம் சாரு, இந்தப் பக்கம் பிள்ளைக்கு ஒரு ஸ்டூலு. உக்காந்தா. "பேர் என்னம்மா?" சொன்னா. "நல்ல பேரு. இதை வாசி பாப்போம்." அட்டையை அவளுக்கு நேரா வச்சாரு. மழை வந்தது. குடை இல்லை. வாழை இலை இருந்தது. காலையில அத்தனை பிள்ளைகளும் வாசிச்ச அட்டை. முப்பிடாதி குனிஞ்சு பாத்தா. உதடு அசைஞ்சுது. ஒண்ணும் வரல. "சார், அந்த அட்டையை உங்க பக்கமாத் திருப்பி"ன்னு ஆரம்பிச்சேன். "டீச்சர், நீங்க பேசக் கூடாது, தெரியும்லா?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. வாயை மூடிட்டேன். இவ்வளவு நேரம் ஒத்திகை பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கேன் பாருங்க. அப்பம் முப்பிடாதி ஸ்டூலை விட்டு இறங்குனா. யாரும் சொல்லல. மேசையைச் சுத்திப் போனா, சாரு நாற்காலிப் பக்கத்துல போய் நின்னா, அங்க இருந்து அட்டையைப் பாத்தா. "மழை வந்தது. குடை இல்லை. வாழை இலை... இருந்தது." அந்த இழுப்பு. சுப்புத்தாய் இழுப்பு. எனக்கு ஸ்தோத்திரம்னு கத்தணும் போல இருந்துச்சு. சாரு என்னைப் பாத்தாரு, ஹெச்.எம்.மைப் பாத்தாரு. "காலையில மத்த பிள்ளைக வாசிச்சதைக் கேட்டிருக்கா. அட்டையைப் பாக்காமலே சொல்லுதா. போம்மா, உன் இடத்துல போய் இருந்து வாசி." போய் உக்காந்தா. அட்டை நேரா. ஊமை. "அவ்வளவுதான் டீச்சர். நான் என்ன செய்ய?" பெருமூச்சு விட்டாரு, நெசமாவே வருத்தம்தான் அவருக்கு. அட்டையை எடுத்து மூடிட்டு, போனை எடுத்து மேசையில படுக்க வச்சு, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, முடிவைப் பதிய விரலால தடவ ஆரம்பிச்சாரு. "சார்"னேன். "இருங்க டீச்சர்." அப்பம் ஸ்டூல்ல இருந்து, ராகம் போட்டு, நிதானமா, "முப்பிடாதி. மூன்றாம் வகுப்பு." சாரு நிமிந்து பாக்கல, அவ பேரைத்தானே சொல்லுதான்னு விட்டுட்டாரு. "எழுத்துகளை... அறியவில்லை." அவரு விரலு நின்னுது. "மருத்துவ முகாமுக்குப்... பரிந்துரை." கண்ணாடியைக் கழட்டுனாரு. ஹெச்.எம். இடுப்புச் சாவியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்காங்க. "என்னம்மா சொன்ன?" அவரு பதறிப் போயி, பிள்ளைக்கு நல்லாத் தெரியட்டும்னு நினைச்சோ என்னமோ, போனைத் தூக்கி அவ பக்கமா நேராத் திருப்பி வச்சாரு. "திரும்ப வாசி." முப்பிடாதி பாத்தா. முழிச்சா. அவ முட்டை வாசம் அடிக்க ஒத்தை விரலை நீட்டி, பத்திரிகை பக்கத்தைத் திருப்புத மாதிரி மெதுவா, போனை ஒரு சுத்து சுத்தி திரும்பவும் அவரு பக்கமாவே வச்சா. வச்சுட்டு, எதிர்த்தாப்புல இருந்து, விட்ட இடத்துல இருந்து வாசிச்சா. "கீழ 'உறுதி செய்க'ன்னு போட்டிருக்கு சார்." குரலைத் தாழ்த்துனா. "அமுக்கிராதிய." அவரு விரலை மடக்கிக்கிட்டாரு.